ஒரு சொட்டும் வழியாத தொட்டி

அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருளப்பன், பெத்தணன், சங்கிலி என்று மூன்று பேர் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு லேப்டாப் இருந்தது. மூளையும் அதே கணக்குத்தான் என்று தெருவில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்குத் தாராள மனசு.

கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமாகியும் மூவருக்கும் சொந்தமாக ஒரு வரி எழுத வரவில்லை. பாடம் எடுத்த மரகதவல்லி அக்கா கடைசியில் பொறுமை இழந்துவிட்டார்.

"புத்தகத்தைப் பாத்து எழுதினது போதும். உங்க வீட்டுல என்ன தொல்லை இருக்கோ, அதை எடுத்துக்கிட்டு நீங்களே ஒரு ப்ரோகிராம் செய்யுங்க. தப்புப் பண்ணப் பண்ணத்தான் கத்துக்குவீங்க. ஆனா ஆரம்பிச்சதைப் பாதியில மட்டும் விட்டுறாதீங்க."

இருளப்பன் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். மூவரில் அவன்தான் விவரமானவன் என்று பேர். அந்தப் பேரை வைத்தவர்கள் மற்ற இருவர்.

"நம்ம வீட்டுல என்னடா தொல்லை?" என்று அவன் கூட்டம் போட்டுக் கேட்டான்.

பெத்தணன் வெகுநேரம் மேலே ஓடும் காற்றாடியைப் பார்த்து யோசித்தான். "எனக்கு ஒன்னும் தோணல."

"வீட்டுக்காரர்தான்" என்றான் சங்கிலி.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மூவரும் தலைசீவி, கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் ஞானப்பழத்தின் முன் போய்க் கைகட்டி நின்றார்கள்.

"அண்ணாச்சி, இந்த வீட்டுலயே பெரிய தொல்லை நீங்கதான்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றான் இருளப்பன் பணிவாக. "உங்களுக்குத்தான் ப்ரோகிராம் எழுதப் போறோம். நீங்க சம்மதிக்கணும்."

"நானாடா தொல்லை?" ஞானப்பழம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "மோட்டாரைப் போட்டுட்டு மாசம் நாலு தடவை தொட்டியை வழிய விடுறீகளே, அதுக்கு எழுதுங்கடா! இனிமே ஒரு சொட்டு வழிஞ்சுது, அன்னைக்கே மூட்டையைக் கட்டிறணும். ஒரு சொட்டு!"

கல்யாணமாகாத பையன்களுக்கு வீடில்லை என்று ஒன்பது பேர் விரட்டி, பத்தாவதாகக் கிடைத்த அறை அது. இதுவும் போனால் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும். இருளப்பன் அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டான்.

ப்ரோகிராம் நன்றாகவே வந்தது. "தொட்டி நிறைந்துவிட்டதா?" என்று திரையில் கேட்கும். "இல்லை" என்று தட்டினால் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கேட்கும். "ஆம்" என்று தட்டினால் மணியடித்து, "மோட்டாரை நிறுத்தவும்" என்று காட்டும்.

முதல் தடவையே ஒரு தப்பும் இல்லாமல் ஓடியதில் மூவருக்கும் பெரிய மனக்கஷ்டம். தப்பே வராவிட்டால் எப்படிக் கற்றுக்கொள்வது? இரண்டு நாள் கண்விழித்து இருபத்தேழு தப்புகளை உள்ளே சேர்த்தார்கள். நான்கு நாள் தேடி இருபத்தாறை வெளியே எடுத்தார்கள். மிச்சம் ஒன்று எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. சங்கிலி மொட்டை மாடியில் தொட்டிப் பக்கம் நின்றான். பெத்தணன் சேதி சொல்ல நடுப்படியில் நின்றான். பிளக் அங்கேதான் இருந்ததால், இருளப்பன் படியடியில் மோட்டார் சுவிட்சுக்கு நேர் கீழே லேப்டாப்போடு உட்கார்ந்தான். சூடம் காட்டி மோட்டாரைப் போட்டார்கள். திரை உடனே கேட்டது. இருளப்பன் "இல்லை" என்று தட்டினான்.

ஏழாவது நிமிடம் மேலிருந்து குரல் வந்தது. "நெறஞ்சிருச்சு!"

"நெறஞ்சிருச்சாம்!" என்றான் பெத்தணன்.

இருளப்பன் திரையைப் பார்த்தான். "அது இன்னும் கேக்கலையேடா. மூணு நிமிஷம் இருக்கு. கேக்குறதுக்கு முன்னாடி எப்படிப் பதில் சொல்றது?"

"அப்ப மோட்டாரை நாமளே நிறுத்திப்புடுவமா?"

"கூறுகெட்டவனே, நாமளே நிறுத்துனா ப்ரோகிராம் என்னத்துக்கு?" இருளப்பன் உள்ளங்கையை நீட்டினான். "பாதியில விடக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காக."

பெத்தணன் மேலே ஓடி, அதே வேகத்தில் இறங்கி வந்தான். "தண்ணி விளிம்புக்கு வந்துருச்சாம். இப்ப வழிஞ்சிருமாம்."

இருளப்பனுக்குக் குப்பென்று வியர்த்தது. மூட்டையும் பஸ் ஸ்டாண்டும் கண்முன் வந்து நின்றன. அந்த நெருக்கடியில்தான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. "வழியத்தானே கூடாது? வாளியால மொண்டு வெளிய ஊத்தச் சொல்லு!"

சங்கிலி மொண்டான், கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஊற்றினான். கீழே கல்யாணத்துக்குப் புறப்பட்டு வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்ற ஞானப்பழத்தின் தலையில் அது முழுசாக இறங்கியது.

அதற்குள் மூன்று நிமிடம் முடிந்து, திரை கேட்டது. "தொட்டி நிறைந்துவிட்டதா?"

"நெறஞ்சிருக்கா?" என்று இருளப்பன் கத்தினான்.

"இப்ப இல்ல" என்று மேலிருந்து பதில் வந்தது. "ஒரு வாளி கொறையுது."

பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. "இல்லை" என்று தட்டினான். இன்னும் பத்து நிமிடம்.

ஞானப்பழம் சொட்டச் சொட்ட மாடி ஏறினார். "வழிய விட்டுட்டீகளாடா? கட்டுங்கடா மூட்டையை!"

"வழியவே இல்ல அண்ணாச்சி" என்றான் சங்கிலி, அடுத்த வாளியை ஊற்றிக்கொண்டே. "தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டியைச் சுற்றிவந்து வெளிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தார். எங்கும் காய்ந்துதான் இருந்தது. ஒரு சொட்டுகூட வழியவில்லை! பத்து வருஷத்தில் இப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததில்லை. ஞானப்பழம் வாக்கு மாறாதவர்.

"இருங்கடா, ராசாக்களா" என்றார். "எத்தனை வருஷம் வேணும்னாலும் இங்கயே இருங்க."

பெத்தணன் அந்தச் சேதியைக் கொண்டுவந்த பிறகுதான் இருளப்பனுக்கு மூச்சு வந்தது. வியர்வையைத் துடைத்த துண்டை, தலைக்கு மேலே கைக்கு வாகாக இருந்த மோட்டார் சுவிட்சில் மாட்டிவிட்டு, அடுத்த கேள்விக்காகத் திரையையே பார்த்திருந்தான்.

மதியம் போல் சங்கிலிக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஞானப்பழம் கல்யாணத்தை மறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை வாங்கினார். எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, காலையில இருந்து மோட்டாரும் ஓடுது, தண்ணியும் கொட்டுது?"

"முன்ன மாதிரி இல்லைய்யா" என்றார் ஞானப்பழம், நாற்பதாவது வாளியைச் சாய்த்தபடி. "இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்கிடுது. நமக்கு ஒரு வேலையும் இல்ல."