கடைசி வரிசை நாற்காலி

“எனக்கு என் சத்தமே கேக்க மாட்டேங்குது” என்றான் தியோடர்.

பெர்னதத் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எங்க நிக்கீய?”

“மேடையிலதான். என் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல.”

“எவ்வளவு பக்கத்துல?”

“ஒட்டித்தான். வாசிச்சா கால்ல பேண்ட் படபடன்னு அடிக்கும்.”

“அப்ப பேண்டுக்குக் கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கல.”

தியோடருக்குக் கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அவனுக்கு ஐம்பது வயது. தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். நாலு தடிக் கம்பி. பாட்டுக்கு அடியில் ஓடுகிற சத்தம். இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. நின்றால் பாட்டு நொண்டும். அவ்வளவுதான் அந்த வேலை.

அவளுக்கு முப்பது இருக்கும். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து, யார் சத்தம் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று பார்க்கிறவள். முன்பு அவளும் பேஸ் வாசித்தாள். நன்றாக வாசித்தாள் என்கிறார்கள். ஒரு நாள் விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

வயதைப் பார்த்தால் அவன் அவளிடம் வந்திருக்கக் கூடாது. வேறு போக்கில்லை, வந்தான்.

போன கல்யாணத்தில் மண்டபத்து ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பின்வரிசைக் கிழவிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

“அந்த வயித்து இரைச்சல முதல்ல நிறுத்துங்கய்யா.”

அது மைக்கில் விழுந்தது. மண்டபம் சிரித்தது.

குழுவை நடத்துகிறவன் ரெக்ஸ்லின். கீபோர்டுக்காரன். அன்றே சொல்லிவிட்டான்.

“வர்ற சனிக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு. அதுலயும் யாராவது எந்திரிச்சு வந்தா அதோட சரி. பேஸை நானே கீபோர்டுல இடது கையால வாசிச்சுக்கிடுதேன்.”

ஒரு ஆயுசு வாசிப்பு. ஒரு இடது கை போதுமாம்.

“கேக்கலன்னா என்ன செய்வீய?” என்றாள் பெர்னதத்.

“கூட்டுவேன்.”

“பிறகு?”

“டிரம்ஸ்காரன் ஓங்கி அடிப்பான். ரெக்ஸ்லின் அவன் சத்தத்தக் கூட்டுவான்.”

“பிறகு?”

“நானும் கூட்டுவேன். பின்ன என்ன செய்ய?”

அவன் பெட்டியில் வால்யூம் குமிழ் ஒன்று உண்டு. அவன் கைக்கு அதன் வலப்பக்கம் மட்டுமே தெரியும்.

பெர்னதத் வயரைக் கீழே வைத்தாள்.

“மேடையில நின்னு வாசிங்க. கடைசி வரிசையில உட்கார்ந்து கேளுங்க.”

“சரி. யாரையாவது வாசிக்கச் சொல்லு. நான் போய்க் கேக்கேன்.”

“வேற யாரும் வாசிக்கக் கூடாது. நீங்கதான் வாசிக்கணும். நீங்கதான் கேக்கணும்.”

“ரெக்கார்டு பண்ணிக் கேட்டா?”

“அது முன்னால வாசிச்சவன். அவன் போயாச்சு.”

“ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல ஆளு எப்படிம்மா இருக்க முடியும்?”

“முடியாதுன்னா வாசிக்காதீங்க.”

அவள் மறுபடி வயரை எடுத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

*

சனிக்கிழமை. ஆட்கள் வருவதற்கு முன்.

தியோடர் குழுவில் முதல் ஆளாக மண்டபத்துக்குப் போனான். பெர்னதத் அவனுக்கு முன்பே அங்கே இருந்தாள். பின்சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தனியாகப் போட்டு, துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மிக்ஸர் வைக்கிற எல்லா மண்டபத்திலும் இது நடக்கும். கடைசியில் ஒரு நாற்காலி. அதில் யாரும் உட்காருவதில்லை. குழுக்காரர்கள் கேலி பேசுவார்கள். “பெர்னதத் மாப்பிள்ளைக்கு இடம் போட்டாச்சா?” என்பார்கள். ஆனால் ஒருவனும் அதில் உட்கார்ந்ததில்லை. கேலி பேசியவன் உட்பட.

தியோடர் ஒரு யோசனையோடு வந்திருந்தான். ரெண்டு நீள வயரை ஒன்றோடொன்று மாட்டினான். பெட்டி மேடையில் இருக்கட்டும். கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசித்தபடியே பின்னால் நடந்தால் தீர்ந்தது.

நடந்தான்.

மண்டபத்தின் நடுவில் சத்தம் செத்தது.

விரல் கம்பியை இழுக்கிறது. கம்பி துடிக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது. காதில் ஒன்றுமில்லை. கிணற்றில் கல்லைப் போட்டு, அது தண்ணீரைத் தொடாமலே போனதுபோல்.

ஒரு எட்டு முன்னால் வைத்தான். சத்தம் வந்தது. பின்னால் வைத்தான். போயிற்று.

“பெர்னதத். இந்த இடத்துல என்னமோ இருக்கு.”

“ஒண்ணும் இல்ல. அதான் அங்க கேக்கல. வாங்க.”

வயர் அதோடு முடிந்தது. வயரில்லாமல் கிட்டாரைப் பெட்டியோடு இணைக்கிற ஒரு கருவியைத் தியோடர் வெளியே நின்ற குழு வண்டியிலிருந்து எடுத்து வந்து மாட்டிக்கொண்டான். மறுபடி நடந்தான்.

பின்சுவரை நெருங்க நெருங்க அது எழுந்தது. அவன் மெதுவாகத்தான் வாசித்தான். சுவர் உறுமியது. தரை வழியே ஏறி, முழங்கால் வழியே ஏறி, வயிற்றில் வந்து உட்கார்ந்தது. கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டான். அப்புறமும் அது உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சு நேரம் தானாக இருந்துவிட்டுப் போயிற்று.

“நானா இது?”

“வேற யாரு?”

தியோடர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். நாற்காலியில் உட்காரப் போனான்.

“உட்காராதீங்க.”

“நீதான உட்கார்ந்து கேக்கச் சொன்ன?”

“கிட்டாரைத் தூக்கிக்கிட்டு அதுல உட்கார முடியாது.”

“அப்ப யாருக்கு இந்த நாற்காலி?”

“வாசிக்கிறவருக்கு.”

“வாசிக்கிறவன் மேடையில நிப்பான்.”

அவள் துண்டைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்து நாற்காலியின் இருக்கை மேல் வைத்தாள்.

மண்டபத்தில் காலையிலிருந்து ஏசி ஓடியது. எல்லா நாற்காலியும் சில்லென்று இருந்தது.

அது மட்டும் இளஞ்சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

தியோடர் கையை இழுத்துக்கொண்டான். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். அவனும் அவளும்தான்.

“நீ ஏன் வாசிக்கிறத விட்ட?”

பெர்னதத் நாற்காலியைப் பார்த்தாள்.

“உட்கார்ந்துட்டேன். எந்திரிக்க மனசு வரல.”

*

மாதா கோவிலில் தாலி கட்டி முடித்து உச்சிவேளைக்கு எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். வெயில் வெள்ளையாக அடித்தது. பந்தியிலிருந்து பிரியாணி வாசம். குழுவுக்கு மெரூன் சட்டை. தியோடருக்கும் மெரூன் சட்டை.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் நேராகப் பின்சுவருக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

“மன்னிச்சுக்கிடுங்க, பாக்கல” என்றார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வேறு நாற்காலி தேடிப் போனார்.

மேடையிலிருந்து தியோடர் இதைப் பார்த்தான்.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீய?” என்றான் டிரம்ஸ்காரன்.

“ஒண்ணுமில்ல. தாளத்த எண்ணி ஆரம்பி.”

முதல் பாட்டு எடுத்தார்கள். ஜெசிந்தா பாடினாள்.

தியோடருக்கு அவன் சத்தம் கேட்கவில்லை. பெட்டி காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேண்ட் படபடக்கிறது. கேட்கவில்லை. கை குமிழுக்குப் போயிற்று. வலப்பக்கம் திருகினான். ரெக்ஸ்லின் திரும்பிப் பார்த்தான். இடது கையைக் கட்டைகளிலிருந்து தூக்கி, விரல்களை ஒருமுறை விரித்து மூடிக் காட்டினான்.

தியோடர் கண்ணைத் திருப்பினான். கடைசி வரிசை.

நாற்காலியில் ஆள் இருந்தது.

பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. அதன் வழியே வெயில். முகம் தெரியவில்லை, கறுப்பாக இருந்தது. சட்டை தெரிந்தது.

மெரூன்.

தியோடர் மேடையைப் பார்த்தான். டிரம்ஸ்காரன் இருக்கிறான். ரெக்ஸ்லின் இருக்கிறான். ஜெசிந்தாவும் தபேலாக்காரரும் இருக்கிறார்கள். ஒருவரும் குறையவில்லை. அவன் சட்டையையும் குனிந்து பார்த்துக்கொண்டான்.

கடைசி வரிசை ஆள் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

தியோடர் இரண்டு சுரம் போதும் என்ற இடத்தில் ஐந்து போட்டான். வீம்புக்கு. அந்த ஆள் நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்தான்.

ஐயோ, எழுந்து வருவான். யாராவது எந்திரிச்சு வந்தா அதோட சரி.

தியோடர் ஒரு இடத்தில் ஒன்றும் வாசிக்காமல் விட்டான். வாசிக்க வேண்டிய இடம்தான். விட்டான்.

ஆள் உட்கார்ந்தான்.

அப்புறம் தியோடர் கம்பியைப் பார்க்கவில்லை. ரெக்ஸ்லினைப் பார்க்கவில்லை. அந்த ஆளின் தோளைத்தான் பார்த்தான். தோள் இறுகினால் விரலை எடுத்தான். தளர்ந்தால் வைத்தான். முதல் பாட்டு போயிற்று. அடுத்தது வந்தது. தோள் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் வெயிலில் கரைந்துகொண்டு வந்தது.

முதுகில் சில்லென்று ஏதோ பட்டது.

சுவர்.

தொடைக்கு அடியில் பிளாஸ்டிக் இருந்தது. பிரியாணி வாசம் பக்கத்தில் அடித்தது. தோளில் கிட்டாரின் கனம் இல்லை. கையைப் பார்த்தான். காலியாக இருந்தது.

நிமிர்ந்தான்.

தூரத்தில் மேடை. சின்னதாக இருந்தது. மெரூன் சட்டை போட்ட ஒருவன் கழுத்தைக் குனிந்து பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். உச்சந்தலையில் முடி போயிருந்தது. அவனை யாரென்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தன் உச்சந்தலையை யார் பார்த்திருக்கிறார்கள்?

முன்வரிசையில் ஒரு கிழவி தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளும் நெஞ்சில் கை வைத்திருந்தாள்.

ஜெசிந்தா பாடிக்கொண்டிருந்தாள். எத்தனையோ கல்யாணங்களில் அவன் அவளோடு வாசித்திருக்கிறான். அவள் பாட்டில் வார்த்தைகள் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. இருந்தன. வீட்டை விட்டுப் போகிற பெண்ணைப் பற்றி ஏதோ. பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த வரி வந்தது. அது சரியாகக் கேட்கவில்லை. தரை வழியே ஒரு சத்தம் ஏறி வந்து, அந்த வரியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அவன் முன்னால் சாய்ந்து கேட்டான். இன்னும் கேட்கவில்லை.

மிக்ஸர் முன்னால் இருந்த பெர்னதத் திரும்பினாள். மேடையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள்.

“எப்படிண்ணே இருக்கு?”

“அந்தப் பிள்ள பாட்டுக் கேக்கல” என்றான் தியோடர். “அந்த ஆளக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு.”

மேடையில் அவன் கை குமிழுக்குப் போயிற்று.

இடப்பக்கம் திருகியது.