இரவல் போன கீரி

மேட்டுக்காட்டில் ஒரு திடல் இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காத திடல். பச்சைப் பசேலென்று புல். இரண்டு கோடியிலும் ஜோடி மருத மரங்கள். கோரைப்புல்லில் முடைந்த பந்து அந்த ஜோடிக்கு நடுவே புகுந்துவிட்டால் கோல்!

மேட்டுக்காட்டு அணிக்குக் கேப்டன் கொம்பையா என்ற காட்டெருமை. முன்னால் நின்று கோல் அடிக்கப் புள்ளிமான்கள். பின்னால் தடுக்கக் காட்டுப்பன்றிகள். நடுவில் நின்று, எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்கி மான்களுக்குத் தள்ளிவிட மிளா என்கிற பெரிய மான் ஒன்று. அதன் பெயர் சடையன்.

சுருளி என்ற கீரிக்கு அந்த நடு இடத்தின் மேல்தான் கண்.

சுருளி குட்டியாக இருந்தபோதே பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆளும் அழகு. பொன்னிற ரோமம், பூப்போன்ற வால். ஆட்டம் முடிந்தால் அதை நக்கி நக்கிச் சீர்செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே சடையனின் குளம்பில் முள் ஏறிவிட்டது. "சுருளி, நீ இறங்கு!" என்றார் கொம்பையா. சுருளி இறங்கினான். முதல் பந்து வந்தது. எதிரணியின் இரண்டு முள்ளம்பன்றிகளுக்கு இடையில், ஒரு முள் கூட உரசாமல், மானின் காலடிக்கு அதை அனுப்பினான். கோல்!

மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் கத்தின. "பார்த்தீர்களா? பார்த்தீர்களா?"

அன்று சாயங்காலமே நல்லமுத்து என்ற நரி வந்து சேர்ந்தான்.

"தம்பி! இனிமேல் உன் விவகாரமெல்லாம் என் பொறுப்பு. நீ ஆடு, போதும். யார்கிட்ட என்ன பேசணும், எப்போ பேசணும், அதை நான் பார்த்துக்கறேன்."

"நான் உங்களைக் கேட்கவே இல்லையே?"

"கேட்டாத்தான் வருவேனா? கேட்காமலே வர்றவன்தான் தம்பி நம்ம ஆளு!"

அடுத்த ஆட்டத்துக்குள் சடையனின் முள் குத்திய புண் ஆறிவிட்டது. சுருளி திடலின் ஓரத்திலிருந்த பாறையில் உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த ஆட்டத்திலும் பாறைதான். வெயில் ஏற ஏறப் பாறை சுட்டது. வாலைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

ஒருநாள் கொம்பையா கூப்பிட்டார்.

"சுருளி, இந்தப் பருவத்துக்கு உன்னைச் சேற்றுக்குளத்து அணிக்கு இரவல் கொடுக்கிறோம்."

"இரவலா! நான் என்ன உரலா, உலக்கையா?"

"கோபப்படாதே. சடையனுக்கு வயதாகிறது. கூடிய சீக்கிரம் நடுவில் ஒரு ஆள் வேண்டும்."

சுருளியின் காது விடைத்தது. "அது நான்தானே ஐயா?"

"திரும்பி வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா புல் மேயப் போய்விட்டார்.

சுருளி நேரே நரியிடம் ஓடினான். நல்லமுத்து கண்ணை மூடி, தாடையைச் சொறிந்து யோசித்தான்.

"தம்பி, இரவல் வாங்கின பொருளை எப்படித் திருப்பித் தரணும்?"

"எப்படி?"

"கீறல் இல்லாம! அழுக்கு இல்லாம! கொடுத்தது கொடுத்தபடி! நீ மேட்டுக்காட்டுப் பொருள். சேத்துக்காரங்க உன்னை இஷ்டத்துக்குப் புழங்க விட்டுடாதே. பளபளன்னு திரும்பி வந்தாத்தான் அந்த நடு இடம்!"

சுருளிக்கு இது நியாயமாகவே பட்டது. இரவல் கொடுத்த முறம் ஓரம் பிய்ந்து வந்தால் அவன் அம்மா நாள்கணக்கில் முணுமுணுப்பாள். ஒரு முறத்துக்கே அப்படி என்றால், கீரிக்கு எப்படி இருக்கும்?

சேற்றுக்குளத்தில் திடல் என்று தனியாக ஒன்றும் இல்லை. குளம் வற்றிய பக்கம் திடல். பாதி சேறு, மீதி அதைவிடச் சேறு. கேப்டன் ஆராயி என்ற நீர்நாய். கோல் காக்கிற ஆமைக்கு ஓட்டாண்டி என்று பெயர். முன்னால் ஆடுவதெல்லாம் தவளைகள்.

சுருளி வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!" என்றாள் ஆராயி. "பொண்ணு யாருன்னு சொல்லவே இல்லையே!"

தவளைகள் சிரித்துப் புரண்டன.

"நான் மேட்டுக்காட்டிலிருந்து இரவலாக வந்திருக்கிறேன்" என்றான் சுருளி. "என்னைப் பார்த்துப் புழங்க வேண்டும்."

"பார்த்துத்தான் புழங்குவோம்" என்றது ஆமை. "கண்ணை மூடிக்கிட்டா பந்து ஆடுவாங்க?"

ஆட்டம் தொடங்கியது. திடலின் நடுவே காய்ந்த திட்டு ஒன்று இருந்தது. சுருளி அதன்மேல் ஏறி நின்றுகொண்டான். பந்து தானாக அங்கே வந்தால் அற்புதமாக ஆடினான். ஒரு தட்டு! தவளையின் காலடியில் பந்து! வராவிட்டால் நின்றபடியே நின்றான். எதிராளி முட்டிக்கொண்டு வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

"அண்ணே! பந்து, பந்து!" என்று ஒரு தவளை கத்தியது.

"அது சேற்றில் கிடக்கிறதே!"

"சேத்துக்குளத்துல பந்து வேற எங்கண்ணே கிடக்கும்?"

சேற்றுக்குளம் தோற்றது. மறுபடியும் தோற்றது. கடைசி இடத்தில் நிற்கிற அணி அடுத்த பருவம் கள்ளிப்பொட்டலில் போய் ஆட வேண்டும் என்பது காட்டு வழக்கம். முள்ளும் வெயிலுமான அந்தப் பொட்டலில் தவளை எப்படி ஆடும்? தவளைகள் பாடுவதை நிறுத்திவிட்டன. சுருளி அதைக் கவனிக்கவில்லை. வாலை நக்குவதில் மும்முரமாக இருந்தான்.

நல்லமுத்து மட்டும் காக்கைகளிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான். "மேட்டுக்காட்டில் போய்ச் சொல்லுங்க! சுருளி மேல ஒரு பொட்டுச் சேறு இல்லை!"

பருவம் பாதி தாண்டியபோது மேட்டுக்காட்டுக் காக்கை ஒன்று பறந்து வந்தது.

"சடையனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. சுருளியைத் திருப்பி அனுப்பச் சொன்னார் கேப்டன்!"

சுருளி அந்தத் திட்டின் மேலேயே ஒரு குதி குதித்தான். நடு இடம்! அவன் கிளம்பும் நேரத்தில் நீர்க்கோழி ஒன்று ஆராயியிடம் இரவல் வாங்கியிருந்த சிப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்தது. சிப்பி நிறைய நத்தை.

"சிப்பியைத்தானே கொடுத்தேன்? நத்தை எதுக்குடி?"

"நல்லா கேட்டீங்க அக்கா! இரவல் வாங்கினதை யாராவது வெறுமையாத் திருப்பிக் கொடுப்பாங்களா?"

ஆராயி திரும்பிச் சுருளியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான். ஆனா இந்த மாப்பிள்ளைக்குள்ள எதைப் போட்டுக் கொடுத்தனுப்புறது? மூடியைத் திறக்கவே விடலையே!"

பிறகு அந்த நத்தைகளில் கொஞ்சத்தைத் தாமரை இலையில் கட்டி அவனிடம் நீட்டினாள். "இந்தா, வழியில தின்னு." சுருளி அதை ரோமத்தில் படாமல் ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தான்.

மேட்டுக்காட்டில் அன்று எதிரணி செந்நாய்கள். சுருளி பளபளவென்று நடுவில் போய் நின்றான். மைனாக்கள் கத்தின. முதல் செந்நாய் பந்தோடு பாய்ந்து வந்தது. பிடுங்க வேண்டும் என்று சுருளிக்குத் தெரியும். ஆனால் உடம்பு பழகிப்போயிருந்தது. மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

கோல்!

இரண்டாவது செந்நாய் வந்தது. சுருளி மறுபடியும் ஒதுங்கினான். கோல்!

"என்ன தம்பி, வாசல்ல நின்னு வரவேற்கறியா?" என்று சிரித்துக்கொண்டே ஓடியது மூன்றாவது செந்நாய்.

கொம்பையா அவனை வெளியே அழைத்தார். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"உடம்பில் ஒரு கீறல் இல்லையே!"

"ஆமாம் ஐயா!" என்றான் சுருளி பெருமையாக. "கொடுத்தது கொடுத்தபடி வந்திருக்கிறேன்!"

கொம்பையா பெருமூச்சு விட்டார். "கொடுத்தபடியே இருக்க வேண்டும் என்றால், இந்தப் பாறை மேலேயே வைத்திருந்திருப்போமே அப்பா! எதற்கு அவ்வளவு தூரம் அனுப்பினோம்?"

சுருளி வாலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நடுவுக்கு வேறு யாராவது கிடைக்கிறார்களா என்று பார்க்கிறேன்" என்றார் கொம்பையா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று சுருளிக்குத் தோன்றியது.

பாறையில் வந்து உட்கார்ந்தான். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தான். நல்லமுத்து ஓர் இளம் முயலின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றான்.

"தம்பி! இனிமேல் உன் விவகாரமெல்லாம் என் பொறுப்பு."

சுருளி இலைக்கட்டை அவிழ்த்தான். பசிக்கு நத்தைகளைத் தின்றான். இலை மட்டும் மிஞ்சியது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கொம்பையாவிடம் போனான்.

"ஐயா, என்னை மறுபடியும் இரவல் கொடுங்கள்."

"கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் வேண்டுமே?"

"நானே போய்க் கேட்கிறேன்."

சேற்றுக்குளத்தின் கரையில் ஆராயி மீன் தின்றுகொண்டிருந்தாள். சுருளியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன மாப்பிள்ளை, நத்தை தீர்ந்துபோச்சா?"

"இலையைத் திருப்பிக் கொடுக்க வந்தேன், அக்கா."

ஆராயி இலைக்கட்டைப் பிரித்தாள். உள்ளே மேட்டுக்காட்டு விளாம்பழம் ஒன்று இருந்தது.

"வெறுமையாகத் தரக்கூடாதாமே" என்றான் சுருளி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆராயி பழத்தை ஆமையின் முதுகில் தட்டி உடைத்தாள். "என் முதுகுதான் கிடைச்சுதா?" என்றது ஆமை. ஆராயி ஒரு வாய் தின்றுவிட்டு, மீதியைத் தவளைகளிடம் தள்ளினாள்.

"சரி, இறங்கு. ஆனா அந்தத் திட்டு இப்போ கிடையாது. நீ போன அன்னிக்கே வெட்டிச் சேத்துல கலந்துட்டோம்."

சுருளி இறங்கினான். முதல் அடியிலேயே முழங்கால் வரை சேறு. இரண்டாவது அடியில் வழுக்கி விழுந்தான். தவளைகள் சிரித்தன. எழுந்தான். எதிரணிக் காட்டுப்பன்றி ஒன்று வந்து மோதியது. மறுபடியும் விழுந்தான். இந்தமுறை பந்தோடு விழுந்தான்! பந்தை விடவில்லை. அதை அவன் தட்டிவிட்ட இடத்தில் தவளை இல்லைதான். ஆனாலும் தவளைகள் இப்போது சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வோர் ஆட்டத்திலும் அவன் மேல் ஏதாவது ஒன்று ஏறியது. ஒருநாள் சேறு. ஒருநாள் சிராய்ப்பு. கடைசி ஆட்டம் பன்றிக்காட்டோடு. அதில் தோற்றால் கள்ளிப்பொட்டல்தான். அணி அணியாகத் திரண்டு வந்த பன்றிகளின் கால்களுக்கு நடுவே சுருளி தலையைக் கொடுத்துப் புகுந்தான். ஒரு பன்றியின் கொம்பு போன்ற பல் அவன் காதைக் கிழித்தது. ஆனால் பந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. தலையை நிமிர்த்தாமலே, சேற்றுக்கு மேலாக ஒரு தட்டுத் தட்டினான். தவளை ஒரே தாவு!

கோல்!

அன்று சேற்றுக்குளத்தில் தவளைகள் பாடிய பாட்டில் காட்டில் ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

பருவம் முடிந்தது. சுருளி மேட்டுக்காட்டுக்குத் திரும்பி நடந்தான். ரோமம் திட்டுத்திட்டாய் உதிர்ந்திருந்தது. ஒரு காது இரண்டாகத் தொங்கியது. வால் எந்த நிறம் என்று சொல்ல முடியாது. திடலோரத்தில் கொம்பையா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரப்பா அது? சேற்றுக்குளத்திலிருந்து ஆள் வரப்போவதாக யாரும் சொல்லவில்லையே!"

"உங்கள் பொருள்தான் ஐயா. இரவல் போயிருந்தது. கொஞ்சம் அடிபட்டு வந்திருக்கிறது."

கொம்பையா காலடியில் கிடந்த பந்தை மெல்ல உருட்டிவிட்டார். குறுக்கே ஒரு காட்டுப்பன்றி பாய்ந்தது. சுருளி ஒதுங்கவில்லை. தடாலென்று ஒரு சத்தம். புழுதி அடங்கியபோது பன்றி மல்லாந்து கிடந்தது. பந்து புள்ளிமானின் காலடியில் இருந்தது.

"காது போய்விட்டதே?" என்றார் கொம்பையா.

"அதைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் வாங்கி வந்தேன், ஐயா."

"சரி. பாறைப் பக்கம் போகாதே. நடுவில் போய் நில்."

கறைபடாமல் தன்னைக் காத்துக்கொண்டே இருப்பவன் போனபடியேதான் திரும்பி வருவான். தன்னைப் புழங்கவிடுகிறவன்தான் நிறைந்து வருவான்.