பத்துப் பேர் வீட்டுப் பூனை

சாத்தூரில் அனல் பறந்த ஒரு சித்திரை மதியத்தில், சென்னகேசவன் தன் வீட்டு பிரிட்ஜின் வயரைப் பிடுங்கிப் போட்டார். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மூளை உறைந்துபோகும் என்று இன்டர்நெட்டில் படித்தாராம். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. புதிதாக வந்த மருமகள் ரேணுகாதான் போனை நீட்டியபடி வாயைத் திறந்தாள்.

"அது தப்பு மாமா. இந்த மருத்துவக் கல்லூரிப் பக்கத்தைப் பாருங்க. எழுதின டாக்டர் பேரு, தேதி, எந்த ஆராய்ச்சின்னு எல்லாம் இருக்கு."

"உனக்கு ஒரு கட்டுரை. எனக்குப் பத்து," என்று மாமனார் மீசையைத் தடவினார். "பதினொண்ணு காட்டும்மா, வயரை நானே மாட்டுறேன்."

அவர் குடும்ப வாட்ஸப் குரூப்பில் அனுப்பிய பத்தையும் அவள் வரி விடாமல் படித்திருந்தாள்.

"சரிங்க மாமா. முதல்ல உங்க பத்தையும் சத்தமா வாசிங்க, எல்லாரும் கேட்கிறோம்."

அவர் கணீரென்று ஆரம்பித்தார். முதல் கட்டுரை, 'எங்கள் வீட்டுப் பூனைக்கும் இப்படித்தான் ஆனது' என்று முடிந்தது. இரண்டாவதும் அப்படியே முடிந்தது. மூன்றாவதில் பூனை வந்ததும் குரல் இறங்கியது. நான்காவதை மனசுக்குள்ளேயே வாசித்துக்கொண்டார்.

"பத்துப் பேரும் ஒரே வீட்டுலயா மாமா குடியிருக்காங்க?" என்று ரேணுகா பணிவாகக் கேட்டாள். "இல்ல, ஒருத்தர் எழுதினதைப் பார்த்து மத்தவங்க காப்பியடிச்சாங்களா?"

அடுப்படியில் மாமியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

சென்னகேசவன் எழுந்துபோய் வயரை மாட்டினார். "அந்தப் பூனை பொழைச்சுதான்னு ஒருத்தனும் எழுதலையே," என்று முனகியவர், கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "தண்ணி குளுந்ததும் எனக்கொரு சொம்பு கொண்டாம்மா."