கானாங்கோழியின் ரசிகர்கள்

தாழைக்குட்டையின் கரையில் குவளை என்றொரு கானாங்கோழி வாழ்ந்தாள். வெள்ளை மார்பு, மெலிந்த கால்கள், உரத்த குரல். போன ஆண்டு வெள்ளம் அவளுடைய ஆறு முட்டைகளையும் கூட்டோடு அடித்துக்கொண்டு போயிற்று. அதைச் சொல்லி அழ அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது. சொன்னாள். சொன்னது பாட்டாக வந்துவிட்டது. அங்கேதான் வினை தொடங்கியது.

காடே கூடிக் கேட்டது. ஒரு பாட்டு முப்பது பாட்டாயிற்று. பிறகு, துணையை இழந்த ஒரு வாத்தைப் பற்றிப் பதினெட்டு மாலைகள் நீளும் பெருங்கதை ஒன்றையும் கட்டினாள். அதில் கடைசி வரை ஒருவரும் சிரிப்பதில்லை.

அந்த வாத்துக்கு முடிவில் ஒரு கல்யாணமாவது செய்து வைக்கக் கூடாதா என்று அணில் கேட்டனுப்பியது. இந்த அழுமூஞ்சிக் கதையைக் கேட்டால் குட்டிகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நரி குறைபட்டுக்கொண்டது. குவளை பாடியது என் வாழ்க்கையைத்தான் என்று ஒரு முயல் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தது. அந்த முயலுக்குப் பதினோரு குட்டிகள். பதினொன்றும் நலம்.

முன்வரிசையில் எப்போதும் கொக்கு தீர்க்கதுண்டர் நிற்பார். நீண்ட அலகை உடையவர் என்று பொருள். வடமொழியில் சொன்னால் மதிப்புக் கூடும் என்று அவரே வைத்துக்கொண்ட பெயர். முதல் அடியிலேயே அவருக்குக் கண் கலங்கிவிடும். அழுகை தொண்டையை அடைத்தால், பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் தவளை ஒன்றை விழுங்கி அடைப்பைச் சரிசெய்துகொள்வார்.

பாட்டு முடிந்ததும் பொருள் சொல்வது ஆமை மந்தசாரரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. வயது நூற்றிருபது என்பதால் யாரும் தடுக்கவும் இல்லை. பாட்டில் வரும் முட்டை நிறைவேறாத ஆசையைக் குறிக்கும் என்றும், வெள்ளம் ஊழைக் குறிக்கும் என்றும் விளக்கினார்.

குவளை ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, அது முட்டைதான். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்."

மந்தசாரர் பரிவோடு சிரித்தார். "பாடியவளுக்கு அதெல்லாம் எப்படியம்மா தெரியும்?"

இந்த ஆண்டு மழை தாமதித்தது. குவளை ஒரே ஒரு முட்டை இட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டே அடியில் ஒரு சின்னப் பாட்டுப் பாடினாள். தாழம்புதரில், தாழ்ந்த கிளையில், ஒரு முட்டை இருக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

கூட்டம் நெளிந்தது. பாதிப் பேர் எழுந்து போனார்கள். தீர்க்கதுண்டருக்குக் கண் கலங்கவே இல்லை. ஏமாற்றப்பட்டவர்போல, "எங்களை மறந்துவிட்டாயே, அம்மா!" என்றார். வயிறு நிறைந்தவளுக்குக் குரல் வராது என்று மந்தசாரர் தீர்ப்புச் சொன்னார்.

முயல் மட்டும் அருகில் வந்து ஆறுதல் சொன்னது: "கவலைப்படாதே, அக்கா. உனக்கு மறுபடியும் ஏதாவது நடக்கும்."

குவளைக்கு உடம்பு கூசியது. இனிப் பாட்டும் வேண்டாம், கதையும் வேண்டாம், இந்த ஒன்று பொரிந்தால் போதும் என்று கூட்டில் அடங்கி உட்கார்ந்தாள்.

ஆனால் அந்த எட்டு அடிகளை ஒருவர் கவனமாகக் கேட்டிருந்தார். புற்றில் இருந்த சாரைப்பாம்பு. அது உவமையும் தேடவில்லை, உள்ளுறையும் தேடவில்லை. தாழம்புதர், தாழ்ந்த கிளை, ஒரு முட்டை. குவளை சொன்னதைச் சொன்னபடியே புரிந்துகொண்ட ரசிகர் அந்தக் காட்டில் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் பாம்பு வந்தது. குவளையின் துணைவன் எதிர்க்கரையில் இரை தேடிக்கொண்டிருந்தான். அவள் சிறகால் அடித்தாள், அலகால் கொத்தினாள். மூங்கில் பருமன் பாம்பு அதைப் பொருட்படுத்தவில்லை.

"பாம்பு! யாராவது வாருங்கள்! என் முட்டையை எடுக்க வருகிறது!"

குரல் காடெங்கும் கேட்டது. எல்லோரும் ஓடிவந்தார்கள். அவர்களில் ஒரு கீரியும் இருந்தான். பெயர் துடியன், மலைப்பக்கத்திலிருந்து இங்கே குடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவனைப் பார்த்ததும் குவளைக்குப் போன உயிர் திரும்பியது. பிழைத்தோம் என்று நினைத்தாள்.

வந்தவர்கள் புதருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். அடர்ந்த தாழை மடல்கள் கூட்டையும் பாம்பையும் மறைத்திருந்தன.

"மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டாள்" என்று கொக்கு நெகிழ்ந்தார். கண் அதற்குள் கலங்கியிருந்தது.

"பாட்டு இல்லை! நிஜமான பாம்பு!" என்று குவளை கதறினாள்.

கூட்டம் சிலிர்த்துப் போயிற்று. நிஜம் என்று பாட்டுக்குள்ளேயே சொல்லும் துணிச்சல் இவளைத் தவிர யாருக்கு வரும் என்று ஒருவருக்கொருவர் மெச்சிக்கொண்டார்கள்.

துடியன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். உடம்பு மயிரெல்லாம் குத்திட்டிருந்தது. "பாம்பு என்கிறாளே, ஐயா?"

"உட்கார், தம்பி. ஊருக்குப் புதுசா?" என்றார் மந்தசாரர். "பாம்பு என்று சொன்னால் உடனே பாம்பென்றா எடுத்துக்கொள்வது? காலத்தைச் சொல்கிறாள்."

"பாம்பு வாடை அடிக்கிறதே."

"அதுதான் அவள் பாட்டின் வலிமை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துடியன் பாம்புகளோடு பிறந்து வளர்ந்தவன். அந்த வாடை அவனுக்குத் தப்பாது. ஆனால் வந்த இடத்தில் ஒன்றும் தெரியாதவன் என்று பேர் வாங்க அவன் விரும்பவில்லை. பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தான். அழகாகத் தலையும் ஆட்டினான்.

குவளை அதைப் பார்த்தாள். இன்னும் இரண்டு முறை கூவினாள். பாம்பு வாயைத் திறந்து மூடியது. அவள் குரல் பாதியில் நின்றது.

உடனே சிறகுகளும் வால்களும் முன்னங்கால்களும் ஓயாமல் தட்டின. கொக்கு தேம்பித் தேம்பி அழுது இரண்டு தவளைகளை விழுங்கினார். நம்முடைய பழைய குவளை திரும்பிவிட்டாள் என்று முயல் துள்ளியது. அந்தக் கடைசி அடியை மட்டும் இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டார்கள்.

குவளை கிளையிலிருந்து இறங்கித் துடியனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவர்களை விடு. உனக்குமா தெரியவில்லை?"

துடியன் நிமிர்ந்து பார்த்தான். கரையோரமாகச் சாரைப்பாம்பு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதன் கழுத்துக்குக் கீழே ஒரு முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. அவன் பாய்ந்தான். பாம்பு புற்றுக்குள் மறைந்துவிட்டது.

"பாம்புதான், ஐயா. என் கண்ணால் பார்த்தேன்" என்று மூச்சிரைக்க வந்து சொன்னான்.

"அது உன்னுடைய வாசிப்பு, தம்பி" என்றார் மந்தசாரர். "வேறு வாசிப்புகளும் உண்டு."

அன்று பொழுது சாய்வதற்குள் குவளையும் துணைவனும் குட்டையை விட்டுப் போனார்கள். துடியன் சற்றுத் தூரம் பின்னாலேயே நடந்தான். அவள் திரும்பவில்லை. கரையில் நின்றவர்கள், இப்படிச் சொல்லாமல் போவதில்கூட என்ன ஒரு சோகம் என்று வியந்து, நிறைவாக அழுதுவிட்டு வீடு திரும்பினார்கள்.

பிறர் துயரத்தை ருசித்துப் பழகியவர்களின் காதில், உதவி கேட்டு எழும் கூக்குரலும் பாட்டாகவே விழும்.