மூன்றாம் தொட்டி

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சிஷ்யைக்கு ஐம்பது. குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள். சிஷ்யை குருவை ‘டீச்சர்’ என்பாள்.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர் அது. அங்கே ஒரு பழைய தோல் மண்டியை வெள்ளையடித்துக் கலைக்கூடமாக நடத்திவந்தாள் பூங்கோதை. வெளியூர் ஓவியர்களும் சிற்பிகளும் வந்து மூன்று மாதம் அங்கேயே தங்கி வேலை செய்வார்கள். முடிவில் கண்காட்சி நடக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஏழு வருடத்தில் பதினோரு பேர் தங்கிப் போனார்கள். ஊர்க்காரர் ஒருவரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவதாகத் தங்கியவள் எஸ்தர். அவள் அதே ஊர்க்காரி.

எஸ்தர் பொன்வேலி லெதர்ஸில் இருபத்திரண்டு வருடம் தோலின் ஓரம் சீவியவள். அவள் தம்பி அருமைநாதனும் அங்கேதான் வேலை பார்த்தான். ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கழிவுநீர் போகும் மூன்றாம் தொட்டியில் அடைப்பெடுக்க அவனை இறக்கினார்கள். அவன் மேலே வரவில்லை. அவனைத் தூக்க இறங்கிய ஏகாம்பரமும் வரவில்லை. இரண்டு பேரையும் தேடி இறங்கிய முனிரத்தினமும் வரவில்லை.

வழுக்கி விழுந்தார்கள் என்று போலீஸ் காகிதத்தில் எழுதினார்கள். மூன்று பேரும், ஒருவர் பின் ஒருவராக, வழுக்கினார்களாம்.

எஸ்தர் அன்றோடு வேலைக்குப் போவதை விட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் கத்தினாள். தாலுகா ஆபீஸில் கத்தினாள். கோயில் பாதிரியாரிடமும் கத்தினாள். ஒருநாள் மத்தியானம் கலைக்கூடத்தின் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, இது யார் இடம் என்றுகூடத் தெரியாமல், உள்ளே நுழைந்து கத்தினாள்.

உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பலகை செதுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

“எல்லாரும் பொறுமையா இருன்றாங்க. இந்தக் கோபத்த நான் எங்க கொண்டுபோயிக் கொட்றது?” என்றாள் எஸ்தர்.

பூங்கோதை தன் உளியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

கத்தி பிடிக்க எஸ்தருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மற்றதைப் பூங்கோதை சொல்லித்தந்தாள். செதுக்கி எடுத்த இடம் காகிதத்தில் வெள்ளையாக வரும். விட்டுவைத்த இடம் கறுப்பாக வரும். மரத்தில் இடது பக்கம் இருப்பது படத்தில் வலது பக்கம் வரும். ஒருமுறை எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நாலடிப் பலகையில் எஸ்தர் மூன்றாம் தொட்டியைச் செதுக்கினாள். தொட்டியின் வாய். அதற்குள் மூன்று உடல்கள். ஒரு கை மட்டும் மேல்நோக்கி நீண்டிருக்கும். அதற்கு மேலே பாதிப் பலகை அப்படியே வெறும் கறுப்பு.

“மேல என் தம்பி பேரப் போடணும் டீச்சர். மத்த ரெண்டு பேர் பேரும்.”

“வேணாம்க்கா.”

“ஏன்?”

“பேர் போட்டா படம் சின்னதாயிடும். இந்த ஊர் செய்தியா நின்னுடும். பேர் இல்லேன்னா எந்த ஊர்ல எவன் இறங்கிச் செத்திருந்தாலும் இது அவன் படம். அந்தக் கறுப்பு எவ்வளவு கனமா இருக்கு பாருங்க. அதுல ஒரு கீறல்கூட விழக் கூடாது.”

எஸ்தருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டாள். தன் கத்தலை முழுசாகக் கேட்டவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

பலகையில் மை உருட்டி, காகிதம் பரப்பி, கரண்டியின் முதுகால் இரண்டு மணி நேரம் தேய்த்து ஒரு படம் எடுத்தார்கள். சட்டம் போட்டு நடுச்சுவரில் மாட்டினார்கள். கீழே ‘இறங்கியவர்கள்’ என்று மட்டும் எழுதி ஒட்டினாள் பூங்கோதை.

கண்காட்சியைத் திறந்துவைக்க ஜெயச்சந்திரன் வந்தார். ஒவ்வொரு முறையும் அவர்தான் வருவார். மண்டி அவருடைய அப்பா கட்டியது. கூடத்துக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார். பொன்வேலி லெதர்ஸும் அவருடையதுதான்.

குத்துவிளக்கை ஏற்றிவிட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எஸ்தருடைய படத்தின் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். எஸ்தர் தூணுக்குப் பக்கத்திலிருந்து அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது திரும்புவான், இப்போது அவன் முகம் வெளுத்துப்போயிருக்கும் என்று காத்திருந்தாள்.

அவர் திரும்பினார். சிரித்த முகமாக இருந்தார்.

“ஆஹா! இந்தக் கறுப்பு இருக்கே, இதுல என்னமோ இருக்கும்மா பூங்கோதை. என்னது இது, கிணறா?”

பூங்கோதை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் நின்ற கூடத்துக் கமிட்டிக்காரர், “அந்த மாதிரிதான் சார். ஆழம்… மனுஷ வாழ்க்கை…” என்று இழுத்தார்.

“புது ஆபீஸ் வரவேற்புல பெரிய சுவர் ஒண்ணு சும்மா கிடக்கு. இதை அங்க மாட்டிடலாம். கண்காட்சி முடிஞ்சதும் எடுத்துக்கறேன்.”

கைதட்டினார்கள். கமிட்டிக்காரர் படத்தின் அடியில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினார். விலைபோய்விட்டது என்று அர்த்தம்.

மறுநாள் காலை பூங்கோதை கதவைத் திறந்தபோது எஸ்தர் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்தவள் நேராகப் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் சாய்த்தாள்.

“கோபத்தக் கொட்றதுக்கு எடம் கேட்டேன். இங்க கொட்டுன்னு உளியக் குடுத்தீங்க. கொட்டினேன். அவன் அதை எடுத்துக்கினு போயி ஆபீஸ்ல அழகுக்கு மாட்டப்போறான். வர்றவங்க அதுக்குக் கீழ உக்காந்து காபி குடிப்பாங்க. என் தம்பி அங்க தொங்கணுமா டீச்சர்?”

“உட்காருங்கக்கா.”

“உக்கார மாட்டேன்.”

“ஒரு ஊர்ல ஒரு சிற்பி இருந்தானாம். அவன் செஞ்ச சிலையை…”

“கதை சொல்லாதீங்க!”

எஸ்தரின் குரல் ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பியது.

“நான் பேரு போடறேன்னு சொன்னேன். அழகு கெட்டுடும்னீங்க. அவன் வந்தான். எதைப் பாத்தான்? என் தம்பியப் பாத்தானா? அந்தக் கையப் பாத்தானா? கறுப்பப் பாத்தான். நீங்க எதத் தொடாதன்னு சொன்னீங்களோ அதையே பாத்து ஆஹான்னான். நீங்களும் அவனும் ஒரே எடத்ததான் ரசிச்சீங்க டீச்சர்.”

பூங்கோதையின் முகம் கறுத்தது. யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல அப்படியே நின்றாள். எஸ்தர் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பூங்கோதை குனிந்தாள். சட்டத்தைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்து ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். படத்தை உருவி எடுத்து, மேலிருந்து கீழாக இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்காக.

“அய்யோ, அவருக்குக் குடுக்கறதாச் சொல்லியாச்சே?” என்றாள் எஸ்தர், தன்னையறியாமல்.

“பேர் போட்டா சின்னதாயிடும்னேன். பெரிய படம்தான் செஞ்சோம்க்கா. அவர் சுவருக்கு அளவெடுத்து வெச்ச மாதிரி.”

உள்ளறைக்குப் போய், செதுக்கிய பலகையைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். தரையில் கிடத்தினாள். இருப்பதிலேயே மெல்லிய உளியைத் தேடி எடுத்து, அந்த வெறும் இடத்தின் மேல் வைத்தாள்.

எஸ்தர் உளியைப் பார்த்தாள். டீச்சர் சொல்லுக்காக மூன்று மாதமாக அந்த இடத்தைத் தூசுகூடப் படாமல் காப்பாற்றியவள் அவள்.

“கறுப்பு கெட்டுடும் டீச்சர்.”

“கெடட்டும்.”

நான்கு நாள் எஸ்தர் குனிந்த தலை நிமிரவில்லை. எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும். அருமைநாதன், ஏகாம்பரம், முனிரத்தினம். பிறகு ‘பொன்வேலி லெதர்ஸ், மூன்றாம் தொட்டி’. அதற்குக் கீழே தேதி. கடைசியில் கொஞ்சம் யோசித்து, ‘வழுக்கவில்லை’ என்று ஒரு வார்த்தை. முனிரத்தினத்தின் பெயரில் ஒரு ‘ர’வைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். படத்தில் அந்த ஓர் எழுத்து மட்டும் தப்புப் பக்கம் பார்த்து நின்றது. மரத்தில் போனது போனதுதான். அப்படியே விட்டார்கள்.

புதுப்படம் பழைய இடத்தில் ஏறியது.

இரண்டு நாளில் செய்தி பரவியது. ஏழு வருடமாக உள்ளே வராதவர்கள் வந்தார்கள். ஷிப்டு முடிந்தவர்கள் லுங்கியோடும் சுண்ணாம்பு படிந்த காலோடும் வந்தார்கள். படத்தின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

கடைசி நாள் ஜெயச்சந்திரன் வந்தார். படத்தை எடுத்துக்கொண்டு போக ஆட்களோடு வந்தவர் வாசற்படியிலேயே நின்று படித்தார். பிறகு உள்ளே வந்து மறுபடி ஒருமுறை படித்தார்.

“இது என்னம்மா?”

“நீங்க கேட்ட படம்தான் சார்,” என்றாள் பூங்கோதை.

“நான் கேட்டது இது இல்ல.”

“பலகை ஒண்ணுதான் சார். முன்ன எடுத்தது அரைகுறை. தப்பு என்னோடது.”

அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, அந்தத் தொட்டி விஷயம் பேசி முடிஞ்சுபோன ஒண்ணு. போலீஸே எழுதி மூடியாச்சு. இப்ப எதுக்கு அதைக் கிளறுறே?”

“கிணறான்னு கேட்டீங்களே சார் அன்னிக்கு?”

ஜெயச்சந்திரனின் பார்வை படத்திலிருந்த தொட்டியின் வாய்க்குப் போய், சட்டென்று தரைக்கு இறங்கியது. சுற்றி நின்ற தொழிலாளர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“ஆக, தெரிஞ்சுதான் ஆஹான்னீங்க,” என்றாள் எஸ்தர்.

அவர் பூங்கோதையிடம் மட்டும் பேசினார். “இந்தக் கட்டடம் யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு.”

“சரி சார்.”

அவர் போய்விட்டார். கமிட்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

மாதக் கடைசி வரை கூடத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் சாமான்களைக் கட்டினார்கள். மறுபக்கம் பலகையில் மை உருட்டிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் எஸ்தர் கொடுத்தாள். டீக்கடையில் ஒன்று ஒட்டினார்கள். சங்க ஆபீஸில் ஒன்று. பஸ் ஸ்டாண்டில் ஒட்டியதை யாரோ கிழித்தார்கள். எஸ்தர் போய் மறுபடியும் ஒட்டினாள். அவள் கோபம் தணியவில்லை. இப்போது அதற்குக் கால் முளைத்திருந்தது.

கடைசிக்கு முந்தின நாள் கன்னியம்மா வந்தாள். தம்பியைத் தூக்க இறங்கிய ஏகாம்பரத்தின் பெண்சாதி. இத்தனை நாளும் அவள் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. படத்துக்கு நேரே நிற்காமல் சுவரோரமாகத் தள்ளி நின்றாள்.

“இதுல எங்க வூட்டுக்காரர் பேரு எங்க கீதுக்கா?”

எஸ்தர் காட்டினாள். கன்னியம்மா கிட்டே வந்து, மற்ற எதையும் பார்க்காமல், அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து ஓட்டினாள். ஒரு தடவை ஓட்டி, இன்னொரு தடவையும் ஓட்டினாள்.

“உனக்கொண்ணு எடுத்து வெச்சிக்கீறேன். எடுத்துக்கினு போ,” என்றாள் எஸ்தர்.

“எனக்கு அது மட்டும் குடுக்கா.”

“எது மட்டும்?”

“பேரு மட்டும். அந்த எடத்த மட்டும் கத்தரிச்சுக் குடு. மத்தது வேணாம்.”

எஸ்தருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. “இன்னாது, கத்தரிக்கறதா? தொட்டிய வுட்டுட்டுப் பேரு மட்டுமா? அவங்க பண்ணத மறைக்கறதுக்கா நான் மூணு மாசம் குனிஞ்சு கெடந்தேன்? பேருதான் வேணும்னா ரேஷன் கார்டுல கீது, அதப் பாத்துக்கோ போ.”

கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகவும் இல்லை.

பூங்கோதை மூலையில் உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தாள். எஸ்தர் அவள் முன்னால் போய் நின்றாள்.

“கேட்டீங்களா டீச்சர்? அவனுக்குத்தான் தொட்டி ஆகல. இவளுக்கும் ஆகலியாம். அவனுக்குப் பயந்துக்கினு பேசறாளா, இன்னா இவ? முழுசா மாட்டுனாதானே இன்னா நடந்துதுன்னு நாளைக்கு நாலு பேருக்குத் தெரியும்? நீங்க சொல்லுங்க. கத்தரிக்கலாமா?”

பூங்கோதை கட்டிய முடிச்சை இறுக்கினாள்.

“அவங்க வீடு ஒரே ரூம். புள்ளைங்களுக்கு இதை மாட்டுற சுவருக்குக் கீழதான்க்கா சோறு போடணும்.”