கோரைத்தீவில் ஓர் ஒத்திகை

ஆழிநாட்டின் குடியரசுத் தலைவர் பரஞ்சோதி, கோரைத்தீவில் இருந்த தன் குருவைப் பார்க்கப் படகில் வந்து இறங்கினார். கூடவே செயலாளர் வில்வநாதனும் கக்கத்தில் ஒரு கோப்போடு வந்தார்.

கோப்பில் இருந்தது ஒரு சட்டம். பக்கத்துப் பெரிய நாடு கடற்படைத் தளம் கட்டிக்கொள்ள, கோரைத்தீவைக் கொடுத்துவிடுவதென்று சட்டசபை முடிவு செய்திருந்தது. தலைவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டுவிட்டால் தீவில் இருக்கிற மீனவக் குடும்பங்கள் அத்தனையும் வெளியேற வேண்டும். குருவின் குடிசையும் அதில் அடக்கம்.

பரஞ்சோதி ஒருமுறை அதைத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்தது. நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்று பிரதமர் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார்.

பரஞ்சோதி வாழ்நாளெல்லாம் தூதராக இருந்தவர். எந்தத் தலைநகருக்கு அனுப்பினாலும் நல்ல பெயர் எடுத்தார். கசப்பான சேதியையும் தேனில் குழைத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் கசக்கும். 'முடியாது' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'பரிசீலிக்கிறோம்' என்பார். தலைவர் பதவிக்கு இரண்டு கட்சிகளும் அடித்துக்கொண்டபோது, இந்த மனிதர் எதையாவது எதிர்த்ததாக ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உடனே இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கொலுவுக்குப் பொம்மை வாங்குகிறவர்கள் அது பேசுமா என்று கேட்டா வாங்குகிறார்கள்?

குரு தையல்நாயகி அவரைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் அவருக்குக் கீழே தூதரகத்தில் வேலை பார்த்தவர். பொய் என்று தெரிந்த ஒரு சேதியைக் கொண்டுபோய்ச் சொல்லச் சொன்னபோது, அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டதே இந்தப் பெண் என்று அன்று பரஞ்சோதி உச்சுக் கொட்டினார். பல வருஷம் கழித்து, தூக்கம் வராமல் தவித்த ஒரு காலத்தில், அதே பெண்ணைத் தேடி வந்து சீடராகிவிட்டார்.

குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பரஞ்சோதி எதிரே பாயில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"நான் என்ன செய்யணும்மா? நீங்க சொல்லுங்க. அப்படியே செய்யறேன்."

குரு "ஒத்திகை பார்ப்போமா?" என்றார்.

பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. தூதரகத்தில் அது வழக்கம். சிக்கலான சேதியோடு போகுமுன் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்கள். கீழே வேலை பார்க்கும் ஒருவர் அந்நிய நாட்டு அமைச்சராக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பார். அந்த நாளில் அமைச்சராக உட்கார்ந்தது பெரும்பாலும் தையல்நாயகிதான்.

"நான் இந்தத் தீவு ஜனங்க. நீங்க தூதர். சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

பரஞ்சோதி எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தீவு மக்களின் வீரத்தைப் புகழ்ந்தார். அவர்கள் செய்யப்போகும் தியாகத்தை நாடு மறக்காது என்றார். அக்கரையில் காத்திருக்கும் புது வீடுகளை வர்ணித்தார். 'வெளியேறுங்கள்' என்ற சொல் எங்குமே வரவில்லை. ஆனால் கேட்டு முடித்தவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். வாசலில் நின்ற வில்வநாதன் கைதட்டாத குறை.

குரு அடுத்ததாக, எந்த அமைச்சரும் எந்தத் தூதரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இது உங்க சொந்த அபிப்பிராயமா?"

"இல்லை. எங்கள் நாட்டுத் தலைவரின் பெயரால் சொல்கிறேன்."

"அப்போ நாங்க அவர்கிட்டயே பேசணும்."

"உங்கள் உணர்வுகளை அவரிடம் அவசியம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

சொன்ன பிறகுதான், வில்வநாதன் தலையைக் குனிந்துகொண்டதைப் பரஞ்சோதி பார்த்தார். காது சூடேறியது. குரு சிரிக்கவில்லை. கீரை உருவுவதை நிறுத்தவும் இல்லை.

"எப்போ கொண்டுபோய்ச் சேர்ப்பீங்க?"

பரஞ்சோதிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அடுத்தவர் பெயரால் பேசிப் பேசியே, தன் பெயர் மேலே ஏறியதுகூடத் தெரியாமல் போயிற்றே என்று தன்மேலேயே வந்த கோபம்.

"அந்த ஆள் நான்தாம்மா."

"வந்துட்டாரா? சரி, அவரை உட்காரச் சொல்லுங்க. தூதர் படகுக்குப் போகட்டும்."

பரஞ்சோதி உட்கார்ந்தார். வில்வநாதனை உள்ளே கூப்பிட்டு, கையெழுத்துப் போட முடியாது என்று பிரதமருக்கு எழுதச் சொன்னார்.

வில்வநாதனும் தூதரகத்தில் வளர்ந்தவர்தான். 'மேலும் ஆராய வேண்டியுள்ளது' என்று எழுதலாமா என்று பணிவாகக் கேட்டார். கூடாது என்றார் பரஞ்சோதி. 'தற்சமயம் இயலவில்லை' என்றால் கொஞ்சம் இதமாக இருக்குமே என்றார் வில்வநாதன். தற்சமயமும் வேண்டாம், இதமும் வேண்டாம் என்றார் பரஞ்சோதி.

"முடியாதுன்னு எழுதுங்க. கீழே என் பேரைப் போடுங்க."

வில்வநாதனின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டாம் முறையும் மறுத்தால் சட்டசபை கூடித் தலைவரையே நீக்கிவிடலாம் என்று நினைவூட்டினார். நீக்குவதற்கு இரண்டு கட்சிகளும் கைதூக்கும். அடுத்து வருகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார்.

"போடறவர் அவர் பேர்ல போடட்டும். என்னை நீக்கணும்னா சபையைக் கூட்டணும். கூட்டினா என்னைப் பேச விடணும். இந்தத் தீவைப் பத்தி நாடே கேக்கற மாதிரி பேசறேன்."

வில்வநாதன் கோப்போடு படகுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பரஞ்சோதி குருவின் பக்கம் திரும்பினார்.

"என்னை நாற்காலியிலேருந்து இறக்கிடுவாங்கம்மா."

குரு கீரைத்தட்டைத் தள்ளி வைத்தார்.

"இறக்கறதுக்கு முதல்ல அதுல ஒரு ஆள் இருக்கணும். இன்னைக்குத்தானே ஏறி உட்கார்ந்திருக்கீங்க."