காது காட்டிய ஓவியர்

மணல்மேட்டு ஜமீனில் பழைய படங்களைப் பார்த்து "இது இன்னார் வரைந்தது" என்று சொல்வதற்கென்றே மூன்று பேருக்குச் சோறு போட்டு வைத்திருந்தார்கள். தலைவர் ஏகாம்பரம். அவருக்குப் பின்னால் வேலாண்டி, பொன்னப்பன். தலைப்பாகை மூன்று, உள்ளே ஒன்றும் கிடையாது.

ஒரு நாள் பரணில் பழைய கேலிப்படம் ஒன்று அகப்பட்டது. சிம்மாசனத்தில் ஜமீன்தாரின் தாத்தா. பூசணிக்காய் மூக்கு, முழ நீளக் காது. எந்த ஓவியனோ வயிற்றெரிச்சலில் தீட்டியிருக்கிறான். ஜமீன்தாரோ, "அடடா, என்ன கம்பீரம்!" என்று உருகிவிட்டார். "வரைந்த மகான் யார்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கழுதைமேல் திருப்பி உட்கார வைத்து ஊரைவிட்டே துரத்துவேன்."

இந்த வேலை போனால் ஏகாம்பரத்துக்கு வேறு வேலை தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்பது வேறு விஷயம். பட்டணத்துப் பண்டிதருக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது: "ஓவியன் கண்ணையும் மூக்கையும் யோசித்துப் போடுவான். காதைப் பழக்கத்தில் போட்டுவிடுவான். இதே காதை வேறெங்கே பார்க்கிறீர்களோ, அங்கேதான் உங்கள் ஓவியர்."

பண்டிதர் சொன்னது மற்றப் படங்களில் இருக்கும் காதை; மூவரும் படமும் கையுமாக ஊரார் காதையெல்லாம் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளைக்குக் குட்டைக் காது. வைத்தியர் காதில் ஒரே முடி. வியாழக்கிழமை சாயங்காலம் சலவைத்துறையில் பொன்னப்பன் கத்தினான். "அண்ணே, காது!"

கழுதை திரும்பிப் பார்த்தது.

"அச்சு அசல்!" ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"கழுதைக்குக் கை இல்லையே அண்ணே, எப்படி வரைஞ்சிருக்கும்?" என்றான் வேலாண்டி.

"அட மண்டு, வாலைப் பாருடா. நுனியில முடி. தூரிகை இல்லாம வேறென்ன?"

"படம் நூறு வருஷத்துப் பழசு. இதுக்கு வயசு ஆறுதானே?"

ஏகாம்பரம் நெடுநேரம் யோசித்தார். "இந்தச் சின்ன வயசுல அவ்வளவு பழைய படம் போட்டிருக்கே. மேதைடா!"

வெள்ளிக்கிழமை விஷயத்தைக் கேட்டதும் ஜமீன்தாருக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்க தாத்தாவை வரைஞ்சது கழுதையா? அந்தக் கழுதைமேலேயே ஏத்துங்கடா இவனை! இந்தப் படமும் எனக்கு வேண்டாம்!" என்று விட்டெறிந்தார்.

வாலைப் பார்த்தபடி ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஊர் எல்லை வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. மடியிலிருந்த மைக்கூட்டைத் திறந்து வால் நுனியை முக்கினார். "சாமி, படத்துல ஒரே ஒரு கையொப்பம். ஜமீன்தார் நம்பிடுவாரு."

வால் சுழன்று முகத்தில் விளாசியது. நெற்றி முதல் தாடை வரை கறுப்பாக ஒரு கோடு.

வேலாண்டி படத்தை முகத்தருகே பிடித்துப் பார்த்தான். "அண்ணே, படத்துல இருக்கிற அதே கோடு!"

"தொடாதேடா, சாமி போட்ட கையொப்பம், அழிஞ்சிடப் போகுது!" என்றார் ஏகாம்பரம்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. அவர்களிடம் இருந்தது ஒரே குடை. படத்தைச் சேற்றில் போட்டுவிட்டு, இருவரும் ஏகாம்பரத்தின் முகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார்கள்.